சொல்வதெழுதுதலாகக் கொடுத்த ஏழு விதிகள்

அடுத்தவருக்கு விதி எழுதுவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. எழுதும்போது நம் முகம் நினைவுக்கு வராது. எனக்கு அப்படி நினைவுக்கு வராத முகம் என்னுடையது. நினைவில் இருந்ததெல்லாம் டிரில் மாஸ்டர் கோவிந்தனின் முகம்தான்.

எண்பதுகளின் நடுவில், காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியர். வயது இருபத்து மூன்று. வேலையில் சேர்ந்து ஆறு மாதம், தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. கோவிந்தன் கையில் பிரம்பும் வாயில் பீடியுமாக மைதானத்தில் நிற்பார். பையன்களை விட்டு டீ வாங்கி வரச் சொல்வார். நானோ பிள்ளைகளின் உரிமைக்காகவே பிறந்தவன் (அப்படித்தான் அப்போது நினைப்பு).

சித்தேரி மலையில் மரக்கன்று நட, ஒன்பதாம் வகுப்பை ஒரு நாள் அழைத்துப் போக ஏற்பாடாயிற்று. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"பசங்களுக்கு எப்படி நடந்துக்கணும்னு நாலு வரி எழுதிக் குடுங்க."

"பசங்களுக்கு வேண்டாங்க சார். வாத்தியாருங்களுக்குத்தான் வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரி, எழுதுங்க. இது நல்லபடியா முடிஞ்சா உங்க தகுதிகாண் ரிப்போர்ட்ல நானும் ரெண்டு வார்த்தை நல்லதா எழுதறேன்."

ஏழு விதிகள் எழுதினேன். மாணவரைச் சொந்த வேலைக்கு ஏவக் கூடாது. பட்டப்பெயர் சொல்லித் திட்டக் கூடாது. கை ஓங்கக் கூடாது. மாணவரிடம் உணவு வாங்கிச் சாப்பிடக் கூடாது. அவர்கள் எதிரில் புகைக்கக் கூடாது. யாரையும் தனியே அழைத்துப் போகக் கூடாது. ஏழாவதை எழுதும்போது எனக்கே புல்லரித்தது: விதியை மீறிய ஆசிரியர் காலை வழிபாட்டில் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கோவிந்தன் மன்னிப்புக் கேட்பதை மனக்கண்ணில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். புத்தி எங்கே விட்டது! ஏழு விதிகளையும் வகுப்பில் சொல்வதெழுதுதலாகக் கொடுத்தேன். பிழை விட்டவர்களைப் பத்துத் தடவை எழுத வைத்தேன். பாதி வகுப்பு பத்துத் தடவை எழுதியது. மீறல்களைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் போட்டு, வகுப்புத் தலைவி மாதம்மாவிடம் கொடுத்தேன். எங்கே எதைத் தொலைத்தாலும் தேடிக் கண்டுபிடித்துவிடுகிற பெண் அவள். "யாருன்னு பாக்காத, நடந்தத அப்படியே எழுதணும்" என்று வேறு சொன்னேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட கொள்ளி அது.

சனிக்கிழமை காலை அரூர் போய் மலை பஸ் பிடித்தோம். கோவிந்தன் பிரம்பைக் கொண்டுவரவில்லை. பீடியும் இல்லை. தன் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகளை எண்ணி எண்ணி ஏற்றினார். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பஸ்ஸிலிருந்து இறங்கி அரை மணி நேரம் நடந்த பிறகுதான் என் நாலடுக்குத் தூக்கு ஞாபகம் வந்தது. என் சாப்பாட்டுத் தூக்கை நான் தூக்கிப் பழக்கமே கிடையாது. தினமும் சைக்கிளிலிருந்து எவனாவது எடுத்து வந்து மேசைமேல் வைப்பான். அன்று விதிப்படி எவனும் தொடவில்லை. எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சீட்டுக்கு அடியிலேயே இருந்து, பஸ்ஸோடு திரும்பிப் போய்விட்டன.

மதியம் பிள்ளைகள் பலாமரத்தடியில் களி உருண்டையையும் புளிச்சோற்றையும் பிரித்தார்கள். வாசனை குடலைப் பிடுங்கியது.

"சார், நீங்க சாப்புடலீங்களா?" என்றாள் மாதம்மா.

"பசியில்ல."

"குடுக்கலாம்னுதாங்க சார் இருக்கு. ஆனா நாலாவது விதி..." என்று நிஜமான வருத்தத்தோடு சொல்லிவிட்டு, களியைப் பிட்டுச் சாப்பிட்டாள்.

கோவிந்தன் தன் பொட்டலத்தில் பாதியை நீட்டினார். "வாங்க சார், நான் மாணவன் இல்லீங்களே." வாங்கியிருக்கலாம். இந்த மனுஷனிடமா என்று வீறாப்பாக மறுத்துவிட்டேன்.

இரண்டரை மணிக்கு வீறாப்பு கரைந்தது. மரத்துக்குப் பின்னால் ரவி என்ற பையன் பொரி தின்றுகொண்டிருந்தான். அவனிடம் ஒரு கை வாங்கி வாயில் போட்டுத் திரும்பினால், மாதம்மா நோட்டும் பென்சிலுமாக நிற்கிறாள்.

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். கோவிந்தன் பெயரே இல்லை. முத்துமுத்தான கையெழுத்தில் ஆறு மீறல், ஆறும் எனது. 'காலை 9.10. சார் குமாரிடம் குடையைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார். விதி ஒன்று.' 'காலை 11. சார் சேகரை மண்ணாந்தை என்றார். விதி இரண்டு.' கடைசியில் அப்போதுதான் எழுதிய பொரி.

"உனக்கு என்ன திமிரு!" என்று கத்தி, அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன்.

முப்பத்திரண்டு பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் அடிக்காத சார் என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். மாதம்மா அழவில்லை. கண் மட்டும் நிறைந்தது. "நீங்கதானே சார் யாருன்னு பாக்காதன்னு சொன்னீங்க" என்றாள்.

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"கிழிச்சா பரவால்லீங்க சார். எனக்கு மனப்பாடம்ங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தகுதிகாண் ரிப்போர்ட் போச்சு, மானம் போச்சு என்று புரண்டேன். அந்தப் பெண்ணின் கண்தான் எல்லாவற்றையும் விட மோசமாக உறுத்தியது.

திங்கட்கிழமை வழிபாட்டில் தலைமையாசிரியர் நோட்டைக் கேட்டார். மாதம்மா கொடுத்தாள். அவர் புரட்டினார். "ஒரு மீறலும் இல்லையா? பேஷ்! என்ன மாதம்மா, எல்லாம் ஒழுங்கா நடந்துச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

மனப்பாடமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. எனக்காக ஒரு குழந்தை வாயை மூடிக்கொண்டு நிற்கிறது என்பது தாங்கவில்லை. பையிலிருந்து கசங்கிய காகிதத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். தூய தமிழில் பேச நினைத்துப் போனேன், வந்தது வேறு.

"நான் மாதம்மாவக் குட்டிட்டேன். தப்பு அவ மேல இல்ல, என் மேலதான். மன்னிச்சுக்கோ, மாதம்மா."

மாதம்மா கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பரவால்லீங்க சார். குட்டுனதுக்குச் சரியாப் போச்சு. இன்னும் ஆறு பாக்கி இருக்குதுங்க."

முதலில் சிரித்தது கோவிந்தன். அப்புறம் பள்ளிக்கூடமே சிரித்தது. நான் நின்று, குடையிலிருந்து பொரி வரை ஒவ்வொன்றாக வாசித்து, ஆறு தடவை மன்னிப்புக் கேட்டேன். தலைமையாசிரியர் ரிப்போர்ட்டில் என்ன எழுதினாரோ, வேலை நிலைத்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எந்தப் பிள்ளை மேலும் என் கை படவில்லை. என் தூக்கையும் நானேதான் தூக்கினேன்.

என் கல்யாணத்துக்கு வந்த கோவிந்தன், மேடையிலேயே இந்தக் கதையை நடித்துக் காட்டிவிட்டுப் போனார். தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து வீட்டில் நான் குரலை உயர்த்தினால், என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் "இன்னும் ஆறு பாக்கி இருக்குதுங்க" என்பாள். மகள் சொன்னாள், இப்போது பேத்தியும் சொல்கிறாள். நானும் நாற்பது வருஷமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஆறு மட்டும் ஐந்தாகவில்லை.