பூவுக்குக் கீழே மூன்று புள்ளி

வாழ்நாளில் நான் ஒரேயொரு முறைதான் திருடியிருக்கிறேன். நகை நட்டு ஒன்றுமில்லை, ஒரு பழைய சட்டை. அதிலும் முதுகுப்பக்கத்தில் ஒரு துண்டைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் அகப்பட்ட விதத்தை நினைத்தால், பேசாமல் ஒரு வங்கியைக் கொள்ளையடித்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. அவமானம் ஏறக்குறைய அதே அளவுதான் இருந்திருக்கும்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வெள்ளவத்தையில் அண்ணா வீட்டில் இருந்துகொண்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் மூட்டை கட்டப் போகிறார்கள் என்று ஊரே கதைத்துக்கொண்டிருந்த காலம். துணி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குத் துண்டுத்துணிப் போர்வை தைக்கும் பைத்தியம் பிடித்தது.

பள்ளிக்கூட அலுமாரியில் கிடந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் சஞ்சிகையில்தான் அதைப் படித்தேன். கடதாசியை ஆறு மூலையாக வெட்டி, அதன்மேல் துணித் துண்டை மடித்து நூலோட்டவேண்டும். பிறகு துண்டோடு துண்டை ஓரத்தில் இணைத்துத் தைத்துக்கொண்டே போகவேண்டும். (கடதாசிக்கு நான் பிள்ளைகளின் கணக்குப் பரீட்சைத் தாள்களை வெட்டினேன். சில பிள்ளைகளுக்கு அது பேருதவி.) மேல்துணி முடிந்ததும் நடுவில் கம்பளி, அடியில் வெள்ளைத்துணி வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டு, சுற்றிவரக் கரை கட்டினால் போர்வை.

கொழும்பு வெக்கையில் அதை யார் போர்த்துவார்கள் என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அண்ணா மட்டும் ஒருநாள் கேட்டார்.

"இதைப் போர்த்துறதெண்டால் நான் நுவரெலியாவுக்கு மாற்றம் கேக்கவேணும். எழுதிப் போடட்டே?"

இந்த நிலையில்தான் எங்கள் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை, நாங்கள் 'மிஸ்' என்று கூப்பிடுபவர், இங்கிலாந்துக்குத் திரும்பப்போகும் செய்தி வந்தது. என்ன பரிசு கொடுப்பது என்று ஆசிரியைகள் கூடினோம். ஒருவர் வெள்ளித் தட்டு என்றார், ஒருவர் கருங்காலி யானை என்றார். நான் எழுந்து நின்று, "அங்க குளிர்தானே. நான் ஒரு போர்வை தைச்சுத் தாறன்" என்றேன். என்னைவிட மூத்த பதினொரு ஆசிரியைகள் என்னை முதல்முறையாக ஒரு மனுசியாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காக நான் ஒரு கூடாரமே தைத்திருப்பேன்.

எல்லாரும் பழைய உடுப்புகள் கொடுத்தார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. கொழும்பில் வெளுக்கப் போகும் எந்த உடுப்பும் குறி இல்லாமல் திரும்பாது. வெளுப்பவர்கள் சேங்கொட்டைச் சாற்றால் வீட்டுக்கொரு குறி போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு சிலுவைக்கோடு. இன்னொரு வீட்டுக்கு இரண்டு புள்ளி. துணி கிழிந்து போனாலும் குறி போகாது. நான் வெட்டிய நல்ல துண்டுகளில் பாதிக்கு மேல் இந்தக் கறுப்புக் குறிகள் இருந்தன. தலைமையாசிரியையின் கட்டிலில் ஊர் அழுக்கு மூட்டையை விரிப்பதா?

ஒரு யோசனை வந்தது. குறி இருந்த இடத்திலெல்லாம் நூலால் ஒரு சிறு பூப் போட்டேன். முப்பத்தாறு பூ. பார்த்தவர்கள், "என்ன வேலைப்பாடு" என்றார்கள். நானும் அது என் கற்பனை வளம் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசி மூலைக்கு மட்டும் ஒரு துண்டு குறைந்தது. வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு போட்டதாக இருந்தால் அந்த மூலை எடுபடும் என்று என் கலையுள்ளம் சொன்னது. அப்படியொரு சட்டை எங்கள் அலுமாரியிலேயே இருந்தது. ஆனால் எங்களுடையது இல்லை. எங்களுக்கு உடுப்பு வெளுக்கும் முத்தாயி கொண்டுவந்த மூட்டையில் தவறுதலாக வந்தது. வரிசையாக மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. "முத்தாயி வந்தால் குடுத்துவிடு" என்று மச்சாள், அதாவது அண்ணாவின் மனைவி, என்னிடம் சொல்லியிருந்தார். முதல் வாரம் மறந்துபோனேன். இரண்டாம் வாரம் அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் கத்தரிக்கோலை எடுத்தேன். அந்தக் குறியின் மேலும் ஒரு பூ, முப்பத்தேழாவது, போட்டேன்.

மறுநாளே முத்தாயி வந்து கேட்டாள்.

"டீச்சரம்மா, நீலக் கோடு போட்ட சட்டை ஒண்ணு உங்க மூட்டையோட வந்திருச்சாம்மா?"

மச்சாள் வீட்டில் இல்லை. சட்டையும் சட்டையாக இல்லை. "நான் காணேல்லை" என்றேன்.

முத்தாயிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மெலிந்த உடம்பு. தலையில் அவளைவிடப் பெரிய மூட்டை. அன்று அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் போனாள். ஏன் நின்றாள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. கரை கட்டும் வேலை இருந்தது.

மாதக்கணக்கில் என் மடியில் கிடந்த போர்வை அழுக்காகியிருந்தது. வழியனுப்பு விழா சனிக்கிழமை நாலு மணிக்கு. திங்கட்கிழமை முத்தாயியிடம் அதை வெளுக்கக் கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பூவாகத் தடவினாள். நீலக் கோட்டு மூலையில் அவள் கை சற்று அதிக நேரம் நின்றது.

"ரொம்ப நல்லாயிருக்குங்க. ஒவ்வொரு பூவாப் பாத்துத் தோய்க்கிறேன்" என்றாள்.

நான் பூரித்துப்போனேன். (அசடு என்ற சொல்லுக்கு அகராதியில் படம் போடுவதானால் அந்த நிமிடத்து என் முகத்தைப் போடலாம்.)

வெள்ளி பின்னேரம் வரவேண்டிய போர்வை வரவில்லை. சனி காலையும் வரவில்லை. நண்பகல் தாண்டியதும் கால்வாய்க் கரையிலிருந்த அவள் வீட்டுக்கு ஓடினேன். கொடிகளில் பாதி வெறுமையாக இருந்தது. அவளுடைய புருஷன் துணி பிழிந்துகொண்டே சொன்னான்.

"ஸ்டேசன் மாஸ்டர் ஐயா வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. நீங்க வந்தா அங்க வரச் சொன்னா."

ஸ்டேசன் மாஸ்டர் எங்கள் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி இருந்தவர். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையின்மேல் என் போர்வை விரிந்து கிடந்தது. பக்கத்தில் அவர். அவர் போட்டிருந்தது அதே வெள்ளையில் நீலக் கோட்டுத் துணியில் தைத்த இன்னொரு சட்டை. மதிலுக்கு மேலால் அயல்வீட்டு அம்மாமார் இரண்டு பேர். படியில் முத்தாயி, கையில் ஒரு ஊசியோடு.

மூலைத் துண்டில் இருந்த பூவைக் காணவில்லை. நூலை ஒவ்வொன்றாக, துணி நோகாமல் எடுத்திருந்தாள். அந்த இடத்தில் மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு.

"வாங்க டீச்சரம்மா. உங்களுக்காகத்தான் நிக்கிறோம்" என்றாள் முத்தாயி.

ஸ்டேசன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, இது என்ர சட்டையோ?"

"ஓம்."

"மிச்சம் எங்க?"

"மேசை துடைக்கிறம்."

மதிலுக்கு மேலால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இருமலா தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. முத்தாயியைக் காட்டினார்.

"மூண்டு கிழமையா இந்தப் பிள்ளையை நடுறோட்டில நிண்டு கள்ளி எண்டு பேசினனான். கூப்பன் காலத்தில என்ர சட்டையை வித்துப்போட்டாள் எண்டு. விளங்குதோ?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பரிசு கொடுத்துப் பேர் வாங்கப் பார்த்த மூன்று வாரமும் முத்தாயி கள்ளி என்று பேர் வாங்கியிருக்கிறாள். அன்று அவள் எங்கள் வாசலில் அப்படி நின்றதற்குக் காரணம் அதுதான். "மன்னிச்சுக்கொள்ளு முத்தாயி" என்றேன். அழுகையும் வந்தது.

ஸ்டேசன் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "சரி. என்ர பிழைதான் முத்தாயி. திங்கட்கிழமை உடுப்பெடுக்க வா."

"வர்றேன் ஐயா" என்றாள் முத்தாயி. குரல் உயரவில்லை. "ஆனா நீங்க பேசுனதக் கேட்டு மூணு வீடு எனக்குத் துணி போடுறத நிப்பாட்டிட்டாங்க. அங்கயும் வந்து சொல்லிட்டிங்கன்னா நல்லாயிருக்கும். ரெண்டு பேருமே."

அப்படித்தான் வெள்ளவத்தை கண்ட அந்த ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் ஸ்டேசன் மாஸ்டர், சால்வையும் கைத்தடியுமாக. நடுவில் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு முத்தாயி. பின்னால் நான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் ரயில் வருகை அறிவிக்கும் குரலில், "சட்டை எடுத்தது முத்தாயி இல்லை, இந்த ரீச்சர்" என்று சொல்லுவார். முத்தாயி மூலையைத் தூக்கிக் காட்டுவாள். நான், "ஓம், நான்தான் வெட்டினனான்" என்பேன். மூன்றாவது வீட்டில் என் மாணவி ஒருத்தியின் பெரியம்மா இருந்தார். நான் சொல்லி முடித்ததும், "என்ன நுணுக்கமான தையல்" என்று போர்வையைத் தடவிப் பார்த்தார். அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வீடும் முத்தாயிக்குத் திரும்பக் கிடைத்தன. ஸ்டேசன் மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"விழா எத்தினை மணிக்கு?"

"நாலு மணிக்கு."

"இன்னும் ஒன்பது நிமிசத்தில கோட்டைக்கு ரயில். ஓடுங்கோ."

(இந்த இடத்தில் சிலர் வேறு கதை எதிர்பார்க்கலாம். அவருக்கு மகன் இருக்கவில்லை, மருமகன் முறையில் எவரும் வந்து சேரவுமில்லை. சட்டையோடு அந்த உறவு முடிந்தது.)

முத்தாயியும் ரயிலில் ஏறினாள். "தோய்ச்சது நான். கையில குடுக்கிறதும் நான்தான்" என்றாள். நான் அவளுடைய ஊசியை வாங்கி அந்த மூலையில் திரும்பவும் பூப் போடப் பார்த்தேன். பம்பலப்பிட்டி வருவதற்குள் விரலில் நாலு குத்து, துணியில் ஒரு தையல் இல்லை. ஊசியை வைத்துவிட்டு, "எப்படிக் கண்டுபிடிச்சனீ?" என்று கேட்டேன்.

"பூவெல்லாம் ஓரத்துல இருந்திச்சிங்க. ஆசைக்குப் பூப் போடுறவங்க துணிக்கு நடுவுல போடுவாங்க. ஓரத்துல போடுறது நாங்கதான், குறி."

எத்தனை ஆசிரியைகள் பார்த்த போர்வை. ஒருவருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதோடு விடவில்லை. மடிப்பை விரித்து ஒரு சிவப்புத் துண்டைக் காட்டினாள். "இது சாயம் போற துணி. ஈர விரலால தொட்டுப் பாத்தேன், ஒட்டிச்சு. அப்படியே தண்ணில போட்டிருந்தா உங்க போர்வை முழுக்கச் செவந்திருக்கும். உப்புத் தண்ணில அத மட்டும் தனியா அலசி எடுக்க ரெண்டு நாளாச்சு."

தன்னைக் கள்ளியாக்கிய போர்வை என்று தெரிந்தபிறகுதான் அவள் அதைச் செய்திருக்கிறாள். பேசாமல் தண்ணீரில் முக்கியிருந்தால் போதும், என் கதை முடிந்திருக்கும். நானாக இருந்தால் முக்கியிருப்பேன். அந்த ரயில் பெட்டியில் முத்தாயியைப் பார்த்து நான் வியந்ததுபோல் அதற்குப் பிறகு படித்தவர், பட்டம் பெற்றவர் எவரையும் பார்த்து வியந்ததில்லை.

நாலு மணி தாண்டி இருபது நிமிடத்தில் ரிக்ஷாவில் போய் இறங்கினோம். மண்டபத்தில் பதினொரு ஆசிரியைகளின் முகமும் பதினொரு விதமாக இருந்தது. மிஸ் போர்வையை மேசையில் விரித்தார். கைதட்டினார்கள். அவர் பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மூலைக்கு வந்து சேர்ந்தார்.

"இங்கே மட்டும் ஏன் பூ இல்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை. மூன்று வீட்டில் சொல்லிப் பழகிய வாய், நாலாவது இடத்திலும் சொல்லிவிட்டது. சட்டை, கத்தரிக்கோல், பூவுக்குக் கீழே இருக்கும் முப்பத்தாறு குறிகள், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் ஆங்கில இலக்கணம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. ஆசிரியைகள் தங்கள் தங்கள் பழைய உடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்கள்.

மிஸ் அந்த மூன்று புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கதவடியில் நின்ற முத்தாயியிடம் போய்க் கை நீட்டினார். முத்தாயி தன் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். "இந்த மூலையை யாரும் தொடவேண்டாம். இந்தப் போர்வையில் உண்மை பேசுகிற துண்டு இது ஒன்றுதான்" என்றார் மிஸ். அப்படியேதான் அது கப்பலேறியது.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ போர்வைகள் தைத்துவிட்டேன். குறியுள்ள துணி எதையும் மறைத்ததில்லை, கேட்காமல் வெட்டியதுமில்லை. ஆனாலும் வீட்டில் ஒரு சொக்ஸ் காணாமல் போனாலும் என் பிள்ளைகள் தேடமாட்டார்கள். "அம்மாவின்ர போர்வையில பாருங்கோ" என்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணமாகி, அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கப் போனபோது புது வீட்டுக்குப் புதுக் குறி வேண்டியிருந்தது. முத்தாயி யோசிக்கவேயில்லை. நடுவில் ஒரு புள்ளி, சுற்றிவர ஐந்து புள்ளி. அச்சாகப் பூ. கந்தோர் வேலைக்குப் போகும் என் கணவர் சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டார்.

"ஆம்பிளையின்ர சட்டைக்கு ஏன் முத்தாயி பூ?"

முத்தாயி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இந்தக் குறிமேல அம்மா பூப் போட்டு மறைச்சாலும் அது உங்க வீட்டுக் குறியாத்தாங்க இருக்கும்."