தட்டில் வைத்த மிச்சம்

“எனக்குச் சமையல் வராதுங்க. என்னைக்காவது பிடிக்கலேன்னா தட்டுல மிச்சம் வையுங்க, கரண்டியை உங்ககிட்டயே கொடுத்துடறேன்.”

“மிச்சமா? நானா? வழிச்சுச் சாப்பிடுவேன், பாரேன்!”

கல்யாணமான மூன்றாம் நாள் பேசியது. கத்திரிக்காயில் புழுவைப் பார்த்துவிட்டு, வாடகை வீட்டின் ஒரே நாற்காலி மேல் ஏறி நின்றபடி அவள் சொன்னாள். அவர்தான் அன்று நறுக்கி, வதக்கி, இறக்கினார்.

அதன்பின் முப்பத்திரண்டு வருடங்களாக அவர் ஒரு பருக்கைகூட மிச்சம் வைத்ததில்லை. அவள் மனம் நோகக் கூடாதே!

இப்போது ஓய்வுபெற்ற சர்வேயர். கொல்லையில் எட்டுக் கோழிகள். அவற்றின் தீனிக்காக நீல டிரம்மில் ஈப்புழு வளர்த்தார். மனைவியிடம் மட்டும் “உரம்” என்று சொல்லி வைத்திருந்தார்.

புழுக்களுக்குச் சாப்பாடு, காய்கறிக் கடைக்காரர் தரும் கழிவு. கடைக்காரர் மகளின் பிரசவத்துக்குப் போய்விட, புழுக்கள் பட்டினி. வீட்டிலோ, தோலைக்கூட வதக்கிவிடுகிற சிக்கனம்.

வேறு வழியில்லாமல் இரண்டு கவளம் மிச்சம் வைத்தார்.

அவள் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

மறுநாள் ஒரு பங்கு கூடுதலாகவே சமைத்தாள். அவர் பாதியை டிரம்மில் கொட்டினார். சாயங்காலம் புழுக்கள் கூட்டமாக வெளியேறித் துவைக்கும் கல்வரை வந்துவிட்டன.

புழு கொடுத்த பண்ணைக்காரருக்குப் போன் போட்டார்.

“என்ன சார் போட்டீங்க?”

“வீட்டுச் சாப்பாடுதான்.”

“உப்பு, காரம் ஜாஸ்தியோ?”

குரலைத் தாழ்த்தினார். “லேசா.”

“லேசா இருந்தா ஓடாது சார். கழுவிப் போடுங்க.”

அடுத்த நாள் குழாயடியில் அவள் சமைத்த காயை அலசிக்கொண்டிருந்தார். பின்னால் அவள்.

“என்னங்க அது?”

உளறிக் கொட்டிவிட்டார். “டிரம்முல உரம் இல்லம்மா, புழு. அதுக்காகத்தான் மிச்சம் வச்சேன். உப்பு, காரம் தாங்காம டிரம்மை விட்டு ஓடிடுச்சு, அதான் கழுவறேன். உன் சமையல்ல ஒரு குறையும் இல்ல, சத்தியமா!”

அவள் நாற்காலியைத் தேடவில்லை. துவைக்கும் கல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“அப்போ பிடிக்காம வைக்கலியா?”

“சேச்சே!”

“புழுவுக்கு ஒரே நாள்ல புரிஞ்சுடுச்சு. நானும் வருஷக்கணக்கா உப்பைக் கூட்டிப் பார்த்தேன், காரத்தைக் கூட்டிப் பார்த்தேன், நீங்க மிச்சம் வைக்கவே இல்லியே! வாயைத் திறந்தே கேட்டுடறேன். அன்னைக்குச் செஞ்சீங்களே அந்தக் கத்திரிக்காய், இன்னொரு தடவை செஞ்சு தர்றீங்களா?”