பிஸி முயலும் பதில் போடும் நரியும்

ஒரு காட்டில், இருட்டிய பிறகு, ஒரு சத்தம் கேட்டது. கர்ரக்... கர்ரக். யாரோ கதவில் நகம் தீட்டுவதுபோல.

அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் மெர்லின் என்ற முயல், தூங்கும் குட்டிகளோடு தனியாக இருந்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. போடத்தான் உத்தரவு இல்லை. "நான் களைச்சுப்போய் வருவேன். தட்டிக்கிட்டு நிக்க முடியாது" என்று கணவன் ஆன்டோ சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மெர்லின் போனை எடுத்தாள். "ஏங்க, வாசல்ல ஏதோ சத்தம். தாழ்ப்பாள் போட்டுக்கவா?"

இரண்டு டிக் விழுந்தது. நீலமும் ஆனது. பதில் வந்தது: "பிஸி."

மெர்லின் யோசித்தாள். பிஸி இரண்டெழுத்து. போடு என்பதும் இரண்டெழுத்துதானே. அதை அடித்த விரல் இதை அடித்தால் தேய்ந்தா போகும்? அதே நேரம் காட்டு நலச் சங்கக் குரூப்பில், ஆமை போட்ட ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தான் ஆன்டோ.

அவளும் குரூப்பில் கேட்டுப் பார்த்தாள். "என் வாசல்ல யாராவது இருக்கீங்களா?"

காடு மொத்தமும் பிஸி. கண் இமைப்பதற்குள் தனியாக ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. "நான்தான் சிஸ்டர், நரி. சாப்பிட்டீங்களா?"

மெர்லின் போனைக் கீழே வைக்கப் போனாள். ஆனால் அவள் கொக்கு சிஸ்டர்கள் நடத்திய கான்வென்ட்டில் படித்தவள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது. "ஆச்சு. நீங்க?"

"இன்னும் இல்ல. கதவு தாழ் போட்டிருக்கா சிஸ்டர்?"

"இல்" வரைக்கும் அடித்துவிட்டாள். குட்டி ஒன்று தூக்கத்தில் சப்புக்கொட்டியது. அவசரமாக அழித்துவிட்டு, புருஷனிடம் கற்றதை அனுப்பினாள். "பிஸி."

"ஓ, சாரி சிஸ்டர். வேலையை முடிங்க. வெயிட் பண்றேன்" என்றது நரி. அந்தச் சொல்லுக்குக் காட்டில் அவ்வளவு மரியாதை.

மெர்லின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு ஆன்டோவிடம் மறுபடியும் கேட்டாள். "போட்டுக்கவாங்க?"

பதில் வரவில்லை. ஆன்டோவே வந்தான். போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"ஏங்க, நரி, ஓடுங்க" என்று கதவிடுக்கு வழியாகக் கத்தினாள்.

"ஒரு நிமிஷம் இரேன்டி, பிஸியா இருக்கேன்ல."

"சார், பிஸியா?" இது நரியின் குரல்.

"ரொம்ப" என்றான் ஆன்டோ, தலை நிமிராமலே.

"பரவால்ல சார். உங்ககிட்ட நான் பதில் எதுவும் எதிர்பார்க்கல."

சிரிப்புச் சத்தம் பாதியில் நின்றது. பிறகு மெர்லினின் போன் மினுங்கியது. "சாப்பாடு ஆச்சு சிஸ்டர். குட் நைட்."

கான்வென்ட் படிப்பு எங்கே போகும்? "குட் நைட்" என்று பதில் போட்டாள். அப்புறம், இந்த முறை யாரையும் கேட்காமல், தாழ்ப்பாளைப் போட்டாள்.

நீதி: பிஸியாக இருப்பவருக்குப் பதில் போட நேரம் கிடைக்காமல் போகலாம், சாப்பிடப்படுவதற்கு எப்படியும் நேரம் கிடைத்துவிடும்.