அனுபவப் புலி கல்லூரி தேடுகிறது

அனுபவப் புலி என்றொரு இனம் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டதாரி இவருக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு அனுபவம் இருக்கு, படிப்புதான் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். போதாதா? அன்றிலிருந்து கல்யாண வீட்டுக்குப் போனாலும், பஸ்ஸுக்கு நின்றாலும், பல் பிடுங்க வாயைத் திறந்து உட்கார்ந்தாலும், அந்த வார்த்தையைச் சொல்லி அழாமல் புலி திரும்பியதில்லை.

எனக்குத் தெரிந்த புலி ஒரு கிடங்கு சூப்பர்வைசர். படித்தது எட்டாம் வகுப்பு. ஒரு நாள் மகள் வந்து, "அப்பா, நான் லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் மேனேஜ்மென்ட் படிக்கப் போறேன்" என்றாள்.

"சாமான் ஏத்தி இறக்க மூணு வருஷப் படிப்பா?"

"எது, எப்ப, எங்க போய்ச் சேரணும்னு திட்டம் போடுற படிப்புப்பா."

"அதைத்தானேடி நான் தினமும் பண்றேன்!"

ஆனாலும் கல்லூரி தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். பாடத்திட்டத்தைப் படித்தாரா? படம் பார்த்தார். முதல் கல்லூரியின் விளம்பரத்தாளில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி தன் கம்பிகளை உயரத் தூக்கியபடி ஓடியது. "எவனையாவது குத்திடும்." தள்ளினார். இரண்டாவதில் பெட்டிகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக நின்றன. "செங்கல் கட்டுற மாதிரி மாத்தி மாத்தி அடுக்கத் தெரியலை, இவங்க என்னத்தைச் சொல்லித் தருவாங்க?"

"நீங்க பாக்குறது காலேஜா, கிடங்கா?" என்றாள் மனைவி.

இப்படியே கடைசி நாள் வந்துவிட்டது. மிஞ்சியது ஒரே கல்லூரி. நாலு மணிக்கு விண்ணப்ப ஜன்னல் மூடிவிடும். விட்டால் மகளுக்கு ஒரு வருஷம் போச்சு.

மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாளைக் கொடுத்தோமா வந்தோமா என்றில்லாமல், ஜன்னலில் இருந்த பேராசிரியரிடம் பதினெட்டு வருஷக் கதையைப் பன்னிரண்டு நிமிஷம் சொல்லி, ஒரு பரீட்சையும் வைத்தார்.

"மூணு ஊருக்குப் போற லாரி. எந்த ஊர்ச் சரக்கை முதல்ல ஏத்துவீங்க?"

"கடைசி ஊரோடதை. முதல்ல இறக்க வேண்டியது கடைசியா ஏறி, கதவோரமா இருக்கணும் ஐயா."

சரியான பதில். புலியின் முகம் வாடிவிட்டது.

"அப்பா, மணி!" என்றாள் மகள்.

பை புலியே முந்தின நாள் தன் கையால் அடுக்கியது. குடை இறங்கியது, தண்ணீர் பாட்டில் இறங்கியது, விளம்பரத்தாள்கள், சான்றிதழ்கள், கட்டுவதற்கு எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முழக் கயிறு, எல்லாம் இறங்கின. விண்ணப்பம் எங்கே? பத்திரமாக இருக்கட்டும் என்று அதைத்தான் முதலில் வைத்திருந்தார். அடியில்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. மூடப் போன ஜன்னல் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். அதைத்தான் புலியால் தாங்க முடியவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்களாக்கும். சிரிக்குமுன் உங்கள் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். புலியின் கதை எனக்கெப்படி இத்தனை தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அதற்குச் சவரம் செய்துவிடுகிறவன் நான்தான்.

இடம் கிடைத்துவிட்டது. கல்லூரி திறக்கும் அன்று, பழக்கதோஷம், புலி மறுபடியும் பையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது. மகள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நான் அடுக்கிக்கிறேம்பா. நீங்க பை வாயை மட்டும் நல்லா விரிச்சுப் பிடிங்க."