மின்னஞ்சல் மாரியை அடக்கிய எண்டர் அண்ணன்

வாழ்க எண்டர் அண்ணன்! மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையின் கணினியறைக்கு ஏகபோக அதிபதியும், கை உடைந்த சுழல்நாற்காலியை அரியணையாகக் கொண்டவனும், திரையில் கேள்வி முழுதும் தோன்றுமுன்னரே ‘ஆம்’ எனப் பொருள்படும் ‘ஒய்’யையும் ‘எண்டர்’ஐயும் தட்டிவிடும் விரல்வேகத்தால் அத்திருப்பெயர் எய்தியவனுமாகிய அப்பெருந்தகை, ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பொருத போரைப் பாடப் புகுகிறோம். நாவே, பிறழாதே! மின்சாரமே, பாதியில் போய்விடாதே!

போர் மூண்டது மண்ணுக்காகவன்று, மணிமுடிக்காகவுமன்று. ஒரு வார லீவுக்காக. கடற்கரைக்குக் கூட்டிப் போவதாக மூன்றாண்டுகளாய் மனைவிக்கு அளித்த வாக்கு நாளைக் காலை ரயிலில் நிறைவேற வேண்டியிருந்தது. லீவு கேட்டு மேலாளர் அம்மையாருக்கு மடல் விடுத்தும் நாள் எட்டாயிற்று, மறுமொழி இல்லை.

ஏன் இல்லை? சென்ற வாரம் சர்வரில் குடிபுகுந்த லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் புதிய பதிப்பு, வாயடங்கா வம்சத்தது. இம்மியளவு மென்பொருள் மாறினாலும் ‘மாறிற்று’ என்றொரு மடல், மாறாவிடினும் ‘மாறவில்லை’ என்றொரு மடல் என, கேளாமலே வாரி வழங்குவது அதன் பிறவிக்குணம். அம்மடல்கள் யாவும் மேலாளருக்கும் போய்ச்சேர வழி செய்தவன் யார்? தன் உழைப்பு மேலிடத்துக்குத் தெரியட்டும் என்று முன்னொரு நாள் ஆசைப்பட்ட நம் வீரனேதான். முந்நூற்றுப் பன்னிரண்டு மடல்களுக்கு அடியில் அவனது லீவு விண்ணப்பம் மூச்சடைத்துக் கிடந்தது.

பொறுக்கமாட்டாமல் வாய்விட்டே லீவு கேட்டவனுக்கு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து எழுந்தது மேலாளரின் பிரகடனம்: “கோளாறுன்னா மட்டும் எனக்கு மெயில் வரட்டும். அஞ்சு மணிக்குள்ள வேற ஒண்ணு வந்துச்சோ, லீவை மறந்துடுங்க!”

கேட்டான் வீரன்; கொதித்தான்; ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் பருகினான். அமைப்புக் கோப்பென்னும் கோட்டையைத் திறந்து, வரிகளை இயங்கவொட்டாமல் ஈட்டிபோல் சாய்ந்து காவல்நின்ற சாய்கோடுகளை நீக்கிப் புகுந்து, ‘எப்போதும் அனுப்பு’ என இறுமாந்திருந்த ஆணையைத் தலைவேறு உடல்வேறாக்கி, ‘பிழை நேர்ந்தால் மட்டும்’ என்னும் புத்தாணையை அரியணையேற்றினான். ஏற்றியவன் வரியிறுதியில் அரைப்புள்ளியிட மறந்தான். ‘பதினேழாம் வரியில் பிழை!’ என்று உறுமியது எந்திரம். பதினேழாம் வரியையே அவன் இருபது நிமிடம் முறைத்தான். குற்றமோ பதினாறாம் வரியில் இருந்தது. கண்டான், இட்டான், வென்றான். மடல்மாரி நின்றது.

வெற்றிமுரசம் கைப்பேசியில் ஒலித்தது. “பெட்டியைக் கட்டிடு. ஜெயிச்சாச்சு!”

“மேடம் சரின்னு சொல்லிட்டாங்களா, இல்ல நீங்களே சொல்லிக்கிறீங்களா?” என்றாள், அவனை அறிந்த மனைவி.

“இனிமே அவங்க சொல்றதுக்கு என்ன இருக்கு?”

மணி நான்கு ஐம்பது. பத்து நிமிடம் கைகட்டி இருந்திருக்கலாம். ஆயினும், ஊருக்குப் போகுமுன் எல்லாம் துப்புரவாக இருக்க வேண்டுமென்னும் பெருமிதம் உந்த, மிச்சமிருந்த ஒரேயொரு புதுப்பிப்பை ஏவி, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான். எந்திரம் அவனிடம் பணிவோடு வினவியது: ‘இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள். உங்கள் திருத்தத்தை அழித்து எங்கள் புதிய கோப்பை வைக்கலாமா?’

அந்தோ! வினாவின் முதற்சொல்லைக் கண் எட்டுமுன் விரல் ‘ஒய்’யை எட்டியது, விரல் எடுக்குமுன் எண்டர் விழுந்தது. பட்டுவீழ்ந்த பழைய ஆணை பல்லிளித்துக்கொண்டு எழுந்தது. நான்கு ஐம்பத்தெட்டுக்குத் தடுப்புக்கு அப்பால் ‘டிங்’ என்றொரு நாதம். முந்நூற்றுப் பதின்மூன்றாம் மடல், எட்டுத்திக்கும் அதிர, மேலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிக்க, இவ்வாறு முழங்கிற்று: ‘புதுப்பித்தல் இனிதே நிறைவுற்றது. கோளாறு ஏதுமில்லை.’

வீட்டில் மனைவி பெட்டியைத் திறந்து துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.