டபுள் கிளட்ச்சும் முப்பது முட்டையும்

நாமக்கல்லில் எத்தனையோ ஆயிரம் பேர் கியர் போடுகிறார்கள். ஆனால் கியர் போடத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். இதை எனக்குச் சொன்னவர் அந்த ஒருவரேதான்.

நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்வீட்டுக்காரர் அவர். லாரி ஓட்டி ஓய்ந்தவர். பழைய லாரிகளில் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டுமாம். ஒன்றோடு நிறுத்தினால் கியர்பாக்ஸ் கத்துமாம். இவர் மிதித்தால் மட்டும் மூச்சுச் சத்தம் கூட வராதாம். அதனால் லாரிப்பேட்டையில் இவர் பெயர் டபுள் கிளட்ச். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இரண்டு வருடம் முன்பு பெங்களூரிலிருந்து ஒரு பழைய வெளிநாட்டு மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தார். எருமை கனம்.

“சார், குனிஞ்சு பாருங்க. செயின் எங்கீங்க?”

“காணோமே அண்ணா.”

“இல்லவே இல்லீங்க! லாரியாட்டவே ஷாஃப்ட்டு. எஞ்சின்லருந்து நேரா சக்கரத்துக்கு!”

நான் அரைமணி நேரம் குனிந்தே இருந்தேன். நிமிர அனுமதி வரவில்லை. கடைசியில்தான் வண்டி வாங்கிய காரணம் சொன்னார். “இருவத்தெட்டு வருசம் ஊரு ஊராப் போனனுங்க. அம்முணிய ஒரு ஊருக்கும் கூட்டிட்டுப் போகல. மொதல்ல கொல்லிமலைங்க. அப்பறம் பாக்கலாம்.”

அம்முணி என்பது அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். வெள்ளோட்டமாகத் தெருவைத் தாண்டினார்கள். ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறியபோது அக்காவின் நெற்றி அண்ணனின் ஹெல்மெட்டில் மோதியது. மூன்றாவதில் தலை பின்னால் போனது. நான்காவதைப் பார்க்க அக்கா காத்திருக்கவில்லை. இறங்கி டவுன் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார்.

வாசலிலேயே தீர்ப்பு. “ஏனுங்க, ஒரு அட்டை முட்டையப் பின்னால வெச்சுப் பரமத்தி வேலூரு போயிட்டு வாங்க. முப்பதும் முழுசா ஊடு வந்துச்சுன்னா நான் ஏறறனுங்க. இல்லாட்டி வண்டிய வித்துப் போடுங்க.”

முட்டைக் கோழிப் பண்ணைகளுக்கு நடுவில் குடியிருக்கிறோம். எங்கள் ஊரில் வேறு எதை வைத்து அளப்பது? எண்ணிப் பார்க்கும் நடுவராக என்னைப் போட்டார்கள்.

முதல் ஞாயிறு பதினொன்று உடைந்தது. கியர் ஆயில் சரியில்லை என்று மாற்றினார். அடுத்த வாரம் ஒன்பது. கிளட்ச் கேபிளை மாற்றினார். அதற்கடுத்து எட்டு. மாற்ற வண்டியில் எதுவும் மிச்சமில்லாததால் கோழி மேல் பழி போட்டார்.

“இப்பத்தக் கோழிக்குச் சத்து இல்லீங்க சார். ஓடு காயிதமாட்டம் இருக்குது.”

உடைந்ததெல்லாம் பொரியலாகவும் ஆம்லெட்டாகவும் மாடிக்கு வந்தன. ஆபீசில் நான் டிபன் டப்பாவைத் தொட்டாலே பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனார். மூன்று மாதம் தாங்கினேன்.

முடிச்சை அவிழ்த்தவர் அக்காதான். ஒருநாள் வாசலில் நின்று அண்ணன் தெருவில் ஓட்டிக்காட்டுவதைப் பார்த்தவர் கேட்டார். “ஏனுங்க, லாரியில ரெண்டு மிதி மிதிச்சீங்க, சரி. இதுல எதுக்குங்க ரெண்டு புடி புடிக்கறீங்க?”

அண்ணன் தன் இடது கையைப் பார்த்தார். காலில் இருந்த பழக்கம் கைக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தடவை பிடித்து, நடுவில் ஆக்சிலேட்டரையும் ஒரு முறுக்கு முறுக்கியிருக்கிறார். ஷாஃப்ட் வண்டியில் முறுக்கினால் பின்பக்கம் எழும்பும், விட்டால் உட்காரும். முட்டை என்ன செய்யும்? பதில் அவர் பெயரிலேயே இருந்தும் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

பிறகு சாதகம். டிவி பார்க்கும்போது சோபாவின் கைப்பிடியைப் பிடித்து, “காலு கியர்ல மெல்லப் படோணும், ஆக்சிலேட்டரு கொஞ்சமா எறங்கோணும், கிளட்சு ஒரே புடி, மெதுவா உடோணும்” என்று ஓதுவார். கல்யாண வீட்டில் யாருக்கோ கும்பிடு போட்டபோது இடது கை தானாக இரண்டு தடவை மூடித் திறந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு முறை என்று அக்கா சொல்லிவிட்ட ஞாயிறு வந்தது. பரமத்தி வேலூர் போய்த் திரும்பிய அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றார். முட்டை இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அக்கா இளம்பிள்ளைப் பட்டு கட்டி, பூ வைத்து, காய்கறி வாங்கக் கிளம்பியவர் போல நின்றார்.

அட்டை மேல் போட்டிருந்த துண்டை நான் விலக்கி எண்ணினேன். இருபத்தொன்பது முழுசு. மூலையில் ஒன்று மட்டும் விரிசல். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அட்டையைத் துண்டால் மூடினேன்.

“முப்பதும் முழுசுங்க அண்ணா.”

அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. என் பை நனைய ஆரம்பித்தது. அக்கா அந்தப் பையை ஒரு தடவை பார்த்தார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

“போலாமுங்களா?” என்று ஏறி உட்கார்ந்தார்.

ஒரே பிடி. வண்டி தெரு திரும்பும் வரை அக்காவின் தலை அசையவில்லை.

சாயங்காலம் அக்கா கொல்லிமலைக் காற்றில் கலைந்த தலையோடு மாடியேறி வந்தார். “அந்தச் சட்டையக் குடுங்க சாமி. மஞ்சக்கரு காஞ்சா போகாது.”

காய்ந்துதான் இருந்தது, போகவும் இல்லை. போன மாதம் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டைக் காலி செய்ய மனம் வரவில்லை. கீழே இருக்கும் இரண்டு பேரையும் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.