கேட்டால்தான் தேர்ச்சி

பயிற்சியாளர் அனுப்பிய செய்தியை அவன் ஏழாவது முறையாகப் படித்தான். "நீங்கள் வகுப்பில் எதையும் கேட்பதே இல்லை. மீதமுள்ள மூன்று வகுப்புகளிலும் ஒழுங்காகக் கேட்டால்தான் தேர்ச்சி."

லிஃப்ட் பழுதுபார்ப்பவருக்குக் கருவிப்பெட்டி தூக்குவது அவனுடைய பகல் வேலை. கணினிவழி நடக்கும் இந்த மாலை வகுப்பில் தேறினால் பெட்டியைத் திறக்கும் உரிமை கிடைக்கும். தேறாவிட்டால் தூக்குவதோடு சரி.

"டேய் பட்டியல், மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?" என்றாள் அக்கா. எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவதால் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர்.

"எனக்குக் கேக்கலைன்னு சாருக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா."

குறை தன் காதில்தானோ என்று முதலில் சந்தேகப்பட்டான். கைக்கடிகாரத்தை இரண்டு காதுகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். காதுகள் தேறின. மடிக்கணினிதான் தேறவில்லை. யாரோ பயன்படுத்திய பழசு. கொசு ரகசியம் சொல்வதுபோல் பேசியது.

ஸ்பீக்கருக்கான பட்டியல் தயாரானது: விலை குறைவு. பைக்குள் அடங்க வேண்டும். தெளிவான சத்தம்.

"மூணும் சேர்ந்து வராது தம்பி," என்றார் கடைக்காரர். "ரெண்டைச் சொல்லுங்க."

அவன் முதல் இரண்டைச் சொன்னான்.

உள்ளங்கையளவு ஸ்பீக்கர். வகுப்பு தொடங்கியதும் சருகை மிதிப்பதுபோல் கரகரத்தது.

"சார், பிரேக் எப்போ பிடிக்கும்னு சொன்னீங்க?"

பயிற்சியாளர் விளக்கினார். கரகர.

"ஏன் சார்?"

மறுபடி விளக்கினார். கரகரவுக்கு நடுவே ஒரே ஒரு சொல் தப்பி வந்தது.

"கரன்ட் போனாலுமா சார்?"

வகுப்பு முடியும்போது அவர், "இன்னைக்கு நல்லா கேட்டீங்க," என்றார்.

அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "குத்திக்காட்டறார்க்கா."

"பெரிய மனுஷங்க நேரா திட்ட மாட்டாங்கடா. வேற வாங்கு."

அடுத்தது வயர் இல்லாதது, உருண்டையானது. அக்கா தன் கைபேசியில் இணைத்துப் பாட்டுப் போட்டுப் பார்த்து, "பிரமாதம்," என்று சான்றிதழ் கொடுத்தாள். இணைப்பைத் துண்டிக்க மறந்தாள்.

வகுப்பின் பத்தாவது நிமிடம் பயிற்சியாளரின் குரல் நின்றது. அக்காவின் மாமியார் குரல் கணீரென்று வந்தது. "உன் தம்பி இன்னும் உங்க வீட்லதான் உக்காந்திருக்கானா?"

திரையில் இருபத்து மூன்று முகங்கள் நிமிர்ந்தன.

"அத்தை! ஒண்ணுமே கேக்கலையே அத்தை!" அடுப்படியில் அக்கா கைபேசியை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் பதறிப்போய், "சார், கயிறு அறுந்தா என்ன ஆகும்னு சொன்னீங்க?" என்றான்.

"எந்தக் கயிறுடி அறுந்துது?" என்று ஸ்பீக்கர் அலறியது.

அக்கா ஓடிவந்து அழைப்பைத் துண்டித்தாள். பயிற்சியாளர் பொறுமையாக, ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும் என்றார். முதலில் சொன்னது எதுவும் காதில் விழாததால், எத்தனை கயிறு, எதற்கு அத்தனை, யார் சோதிப்பது என்று அவன் ஒவ்வொன்றாக மீட்க வேண்டியிருந்தது.

"அன்னைக்கைவிட இன்னைக்கு நல்லா கேட்டீங்க," என்றார் பயிற்சியாளர்.

அவன் தலை குனிந்தான். மறுநாள் கடையில் நின்று, பட்டியலில் 'விலை குறைவு' என்பதை அடித்தான். இனி இரண்டு மாதம் வேலைக்கு நடைதான்.

கடைசி வகுப்பு. அக்கா கைபேசியை அணைத்துவிட்டு வாசலில் காவலுக்கு உட்கார்ந்தாள். புது ஸ்பீக்கரில் பயிற்சியாளர் தேநீர் உறிஞ்சுவதுகூடக் கேட்டது. அவன் ஒரு சொல் விடாமல் எழுதினான். நடுநடுவே அவர், "வேற ஏதாவது?" என்று நிறுத்திக் காத்திருந்தார். அந்த அமைதியும் துல்லியமாகக் கேட்டது.

முதல் முறையாக அவனுக்குத் தன்மேல் சந்தேகம் வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பயிற்சியாளர் பெருமூச்சு விட்டார். அதுவும் தெளிவாகவே வந்தது. "என்ன தம்பி, ரெண்டு வகுப்பா அவ்வளவு அருமையான கேள்வியா கேட்டீங்களேன்னு பாஸ் போடப் பேனாவை எடுத்து வெச்சேன், கடைசி நாள் பார்த்து ஒரு கேள்விகூடக் கேக்காம விட்டுட்டீங்களே!"